எதிரணியிடம் நடந்துகொள்வதில் நாம் சறுக்கும் இடங்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் வேலூரில் டோர்னமென்ட் சீசன் தொடங்கிவிடும். பள்ளி மைதானம், ஏரிக்கரை, தண்ணீர் வராத பாலாற்று மணல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஸ்டம்ப் நடுவார்கள். இருட்டினால் குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து ஊர்களில் லைட் கட்டி கபடி நடக்கும். வெயிலைத் திட்டிக்கொண்டே கூட்டமும் வந்துவிடும். இவற்றில் எத்தனையோ ஆட்டங்கள் தகராறில் முடிகின்றன. ஆட்டத்தில் விறுவிறுப்பு கூடிப்போனதுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். என் கணக்கில் அது பாதி உண்மைதான். எதிரணி என்றால் என்ன என்பது பற்றி நாம் தலைக்குள் வைத்திருக்கும் தப்பான எண்ணங்கள் மீதிப் பாதி.

அதில் முதலாவது, பண்பு என்பது ஆட்டம் முடிந்த பிறகு காட்டவேண்டியது என்ற நினைப்பு. வரிசையாக நின்று கை குலுக்கினால் கடமை முடிந்தது. கை குலுக்க வேண்டியதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாற்பது நிமிடத்தில் செய்ததை அந்த ஐந்து நொடி கழுவிவிடாது.

கபடியையே பாருங்கள். ரெய்டு போனவர் கோட்டுக்குத் திரும்புகிறார். கார்னரில் நிற்கும் பையனின் கணுக்காலில் அவர் கட்டைவிரல் லேசாக உரசிவிட்டது. நடுவர் மறுபக்கம் நிற்கிறார், அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உரசியது அந்தப் பையனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறப்பதற்குள், பார்க்கவே பார்க்காத மற்ற ஆறு பேரும் ‘டச் இல்ல, டச் இல்ல’ என்று கத்துகிறார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. யாரையும் தொடாத ரைடர், தொட்டதுபோலக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். இதே பையன்கள் நடுவர் இல்லாத மாலை நேரப் பயிற்சியில் தாங்களாகவே வெளியே போய் உட்காருவார்கள். பரிசுத் தொகை வந்ததும்தான் இந்த மறதி வருகிறது.

‘அவுட்னா நீயே போயிடு’ என்று கேப்டன் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். அப்படி ஆடும் அணி ஒரு சந்தேகப் புள்ளிக்காகக் கை தூக்கும்போது, நடுவரும் எதிரணியும் நம்புவார்கள் என்ற லாபமும் இருக்கிறது.

1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் நம் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத். விக்கெட் கீப்பரிடம் கேட்ச் என்று அம்பயர் அவுட் கொடுத்துவிட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை, பந்து பேட்டில் படவில்லை என்று சொல்லித் திருப்பி அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இங்கிலாந்து 10 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. இதைச் சொன்னால், ‘அப்புறம் என்ன புண்ணியம், தோத்துட்டோமே’ என்று யாராவது கேட்பார்கள். தோற்றோம்தான். நேர்மையாக ஆடினால் ஜெயிக்கலாம் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. பிள்ளைகளிடம் அப்படி ஆசை காட்டிச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு தவறு. முதல் தோல்வியிலேயே அது பொய் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, பாவம் பார்த்து விட்டுக்கொடுப்பது. இதைப் பலரும் நல்ல குணம் என்றே நினைக்கிறார்கள். எதிரில் சின்ன ஊர் அணி, பத்து ஓவரில் முப்பது ரன்தான் எடுத்திருக்கிறது. உடனே நம்மாட்கள் இடது கையில் பேட் பிடிக்கிறார்கள், வேண்டுமென்றே கேட்சை விடுகிறார்கள், சிரிக்கிறார்கள். எதிரில் நிற்பவனுக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தோற்றதைவிட அந்தச் சிரிப்புதான் அவனுக்கு அதிகம் வலிக்கும். முன்னிலை பெரிதாகிவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களை இறக்குங்கள், அவர்கள் முழு மூச்சாக ஆடட்டும். அதில் எதிரணிக்கும் மரியாதை இருக்கிறது, நம் பையன்களுக்கும் ஆட்டம் கிடைக்கிறது.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் வாங்கிய தங்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 77 கிலோ பிரிவில், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முடிந்தபோது இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, சதீஷ் 144. ஒரு கிலோ பின்னால். தோள்வரை தூக்கிப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்டு ஜெர்க்கில் சதீஷ் 173 தூக்கி மொத்தம் 317-க்கு வந்தார். ஆலிவர் 312-இல் நின்றார். எதிரில் ஆலிவர் மாதிரி ஒருவர் நெருக்கியதால்தான் அந்தத் தங்கத்துக்கு இவ்வளவு எடை. அவர் விட்டுக்கொடுத்து வந்த தங்கமாக இருந்திருந்தால் நாம் கொண்டாடியிருப்போமா? பளுதூக்குதலில் இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும். மேடைக்கு அழைக்கப்பட்டவர் கம்பியைத் தூக்கத் தொடங்க ஒரு நிமிடம் உண்டு. அவர் குனிந்து கம்பியைப் பிடிக்கும்போது அரங்கம் அடங்கும், அது யாராக இருந்தாலும். நம் கிரிக்கெட் மைதானங்களில் அந்த அடக்கத்தைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது தவறு கொஞ்சம் வேறு மாதிரி. விதிக்கு உட்பட்டு ஆடியவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது. பந்து போடுமுன்பே மறுமுனை பேட்ஸ்மேன் கிரீஸைவிட்டு ஓடுகிறார், பௌலர் பெய்ல்ஸைத் தட்டிவிடுகிறார். டென்னிஸ் பால் ஆட்டத்தில் இது நடந்தால் அன்றைக்குத் தகராறு நிச்சயம். 2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் ஜோஸ் பட்லரை அஸ்வின் இப்படி அவுட்டாக்கியபோது உலகமே அவருக்குப் பாடம் எடுத்தது. 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதிக்கே மாற்றிவிட்டது. இரண்டடி முன்னால் திருட்டு ஓட்டம் ஓடியவர் யோக்கியர், பிடித்தவர் குற்றவாளி என்பது எனக்கு இன்றுவரை விளங்காத நியாயம். உங்கள் டோர்னமென்டில் அது வேண்டாம் என்றால், டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களும் பேசிவிடுங்கள். டென்னிஸ் பாலில் எல்.பி.டபிள்யூ. உண்டா இல்லையா, ஒயிடு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசலாம். பேட்டிங் அணி ஆளே அம்பயராக நிற்கும் ஆட்டங்களில் இது ரொம்ப அவசியம்.

உடம்பை நோகடிப்பதில் வெளியே தெரியாத வகை ஒன்று உண்டு. கபடியில் ரைடரை மடக்கி நாலு பேர் மேலே விழுகிறார்கள், விசில் ஊதியாகிவிட்டது. எழுந்திருக்கும்போது அவர் தொடையில் முட்டியை ஊன்றி எழுவார்கள். காலால் கத்தரி போட்டால் ஃபவுல், வாயைப் பொத்தினால் ஃபவுல், மஞ்சள் அட்டை காட்டினால் 2 நிமிடம் வெளியே. இந்த முட்டிக்கு மட்டும் பெரும்பாலும் அட்டை வராது, யாருக்கும் தெரியாது. கோச் பார்த்துக் கண்டித்தால்தான் உண்டு. அப்படிக் கண்டித்த கோச்சுகளையும் பார்த்திருக்கிறேன், சிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வாய். நம் பக்கத்தில் அணி என்பது பெரும்பாலும் ஒரு தெரு. தெரு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். ‘அந்தத் தெருப் பசங்க’ என்று மைக்கில் ஒரு வார்த்தை விழுந்தால், அது விளையாட்டைப் பற்றிய வார்த்தையாக யார் காதிலும் கேட்காது. வர்ணனை செய்பவருக்குச் சிரிக்கவைக்கும் திறமை இருக்கலாம். அதை ஷாட்டைப் பற்றிப் பேசிக் காட்டட்டும், ஆளைப் பற்றி வேண்டாம். பெண்கள் கபடி நடக்கும்போது உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வரும் கமென்டுகளுக்கு விழாக்குழு ஒரே ஒரு முறை எச்சரித்துவிட்டு, அடுத்த முறை ஆளை வெளியே அனுப்ப வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்ப்பதே தவறு.

நம் மக்களுக்குக் கை தட்டத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் ‘போயும் போயும் அவன்கிட்டயாடா தோத்த?’ என்று கேட்காதீர்கள். அடுத்த முறை அந்த ‘அவனை’ எப்படியாவது வீழ்த்த வேண்டும் என்ற வெறிதான் பையனுக்கு மிஞ்சும், ஆட்டம் மறந்துபோகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். 89.45 மீட்டருடன் வெள்ளி வாங்கிய நீரஜ் சோப்ராவின் அம்மா சரோஜ் தேவி, தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்று சொன்னார். முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அவர் மகன் வெள்ளிக்கு இறங்கிவந்த நாளில் சொன்னது அது.

கடைசியாக, டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கு. வெளியூர் அணியை வெயிலில் நிற்கவைத்துவிட்டு உள்ளூர் அணிக்கு மட்டும் பந்தலில் சேர் போடுவது, தண்ணீர் கேனைத் தங்கள் பக்கமே வைத்துக்கொள்வது, பெண்கள் அணிக்கு உடை மாற்ற ஒரு அறைகூட ஏற்பாடு செய்யாதது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆட்ட வரிசை போடும்போது தூரத்து ஊர்க்காரர்களின் ஆட்டத்தை முன்னால் வையுங்கள். உள்ளூர் அணி ராத்திரி பதினொரு மணிக்கு ஆடினாலும் நடந்து வீட்டுக்குப் போய்விடும். பேரணாம்பட்டிலிருந்து வந்த பையன்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.