ஆள் இல்லாத வீட்டில் ஓடிய கேஸ் மீட்டர்

வெளியூர் போய் வந்து பார்த்தால், பூட்டிய வீட்டில் கேஸ் மீட்டர் கணிசமாக ஏறியிருந்தது. முதலில் கசிவுதான் என்று பயம். வாசனை இல்லை. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவியும் குமிழி வரவில்லை. அடுப்பு வால்வை மூடியும் பயனில்லை. கேஸ் கம்பெனி ஆள் வந்து மீட்டரைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் மீட்டர் முன் உட்கார்ந்து கடைசி இலக்கத்தையே பார்த்தேன். கசிவென்றால் விடாமல் ஓட வேண்டும். இது கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடியது. ஏதோ ஒரு பர்னர் தானாக எரிந்து அணைகிறது! கீழ்த்தளத்தில் இருக்கும், கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டரைத் தவிர வேறு எது?

குளியலறைக் குழாயைத் திறந்ததுமே சுடுநீர் வர, ஹீட்டரின் சுடுநீரைக் குழாய்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் சுழற்சி பம்ப் எங்கள் வீட்டில் உண்டு. ஊருக்குப் போகும்போதே அதன் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. அதனால் யாருக்கும் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஹீட்டருக்குத் திரும்பி வரும் குழாயைத் தொட்டால் நல்ல சூடு. பம்ப் ஓடாமலே, சூடான நீர் மேலே ஏறி, ஆறியது கீழே இறங்கி, நாள் முழுக்கத் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதைத் தடுக்கத்தான் அங்கே, பம்ப் தள்ளினால் மட்டும் திறக்கும், ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு (ஒருவழி வால்வு) வைப்பார்கள். கழற்றிப் பார்த்தால், மூடியின் விளிம்பில் கடுகளவு சுண்ணாம்புப் படிவு; அதனால் வால்வு முழுதாக மூடவில்லை.

வால்வை மாற்றியதும் திரும்பு குழாய் ஆறிவிட்டது. மீட்டர் இப்போது எப்போதாவதுதான் அசைகிறது. தொட்டியின் சூடு குறையும்போது பர்னர் எரிவதால் வருவது அது.