அம்பாசிடர் ராக்கர் ஷாஃப்ட் மாற்றுவது: நான்கு நட்டில் நான் மாட்டிய கதை

என் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் லிஃப்ட் கூடிய, அதாவது வால்வை அதிகமாகத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் இறுக்கமான வால்வு ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறேன். நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்தால் போதும், பானெட்டுக்குள் தையல் மெஷின் ஓடும். டாப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தால் இரண்டு நாள் சும்மா இருக்கும், அப்புறம் பழையபடி. ஒருநாள் இன்ஜினின் மேல் கவரைக் கழற்றி, வால்வை அமுக்கித் திறக்கும் நெம்புகோலான ராக்கரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். ராக்கர்களை வரிசையாகக் கோர்த்திருக்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டின் மேலேயே அது லொடலொடவென்று ஆடியது.

ராக்கரின் ஒரு முனையைப் புஷ்ராடு என்ற கம்பி மேலே தள்ளுகிறது, மறுமுனையை வால்வு ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து ராக்கரை ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தில் அழுத்துகின்றன. அதனால் தேய்மானமும் அடிப்பக்கத்தில்தான். மேலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போட்டவன் ஷாஃப்ட்டையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

எதை வாங்குவது

மேற்பரப்பு கடினமாக்கிய ஷாஃப்ட், புது வெண்கல புஷ் (ராக்கரின் ஓட்டைக்குள் அழுத்திப் பொருத்தும் வளையம்), ராக்கர்களுக்கு நடுவே இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இரும்புக் குழாய் ஸ்பேசர். என் கணக்கில் இந்த மூன்றும் போதும். ரோலர் முனை வைத்த அலுமினிய ராக்கர் பார்க்க அழகுதான். ஆனால் தேய்ந்த ஷாஃப்ட்டில் அதை மாட்டுவது ஓட்டை வாளிக்கு வெள்ளிப் பிடி போடுவது. இந்த இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான், அதனால் இங்கிலாந்தில் இன்றும் நல்ல ஷாஃப்ட் கிடைக்கிறது. விட்டத்தையும் எண்ணெய்த் துளை இருக்கும் இடங்களையும் பழையதோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றுவது (இங்கேதான் நான் மாட்டினேன்)

ஷாஃப்ட்டைத் தாங்கும் நான்கு பெடஸ்டலிலும் இரண்டிரண்டு நட்டு. எட்டையும் கழற்றி ஷாஃப்ட்டைத் தூக்கிவிட்டேன், பத்து நிமிட வேலை. ஒரு வாரம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்தால் எண்ணெய் மோர் நிறத்தில் இருக்கிறது.

லேத் அண்ணாச்சிதான் விஷயத்தைச் சொன்னார். "அந்த எட்டுல நாலு பெரிய நட்டு ஹெட்டையும் சேத்துல்லா பிடிச்சிருக்கு. ஒரு பக்கம் மட்டும் லூஸ் பண்ணுனா ஹெட் கோணாதா வே?" ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைப் பிடிக்கும் நட்டுகள் மொத்தம் பதினொன்று: பெடஸ்டல் வழியாக வரும் நான்கு, வெளியே தனியாக ஏழு. நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணி, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்கும், எண்ணெய் நிற்கும் சம்புக்கும் இறங்கிவிடும். எனக்கு ஒரு கேஸ்கெட்டும் ஒரு எண்ணெய் மாற்றமும் தண்டம்.

ஆகவே இன்ஜின் முழுதாக ஆறட்டும். முந்தின இரவே நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது என் பழக்கம். ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். பதினொன்றையும், இறுக்கும் வரிசைக்குத் தலைகீழாக, ஒரு சுற்றில் கால்வாசி கால்வாசியாகத் தளர்த்துங்கள். அதன் பிறகுதான் ஷாஃப்ட்.

புஷ்ராடை வெடுக்கென்று உருவாதீர்கள், அடியில் இருக்கும் டாப்பெட்டும் (இங்கே இடைவெளி அல்ல, அந்தப் பெயரில் உள்ள பாகம்) ஒட்டிக்கொண்டு வந்துவிடும். லேசாகத் திருகிவிட்டு எடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, அந்த வரிசையில் செருகி வைத்தேன்.

கோர்ப்பது

பழைய ராக்கரையே போடுவதாக இருந்தால் வால்வைத் தொடும் முனையைப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தால், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் குழியின் மேல் பாலம் போல நிற்கும். அளவு சரி என்று காட்டும், ஓடும்போது சத்தம் மட்டும் நிற்காது.

ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அழுத்தம் விழும் இடம் அதுதானே. ஷாஃப்ட் சுழலாமல் பிடிக்க ஒரு பெடஸ்டலில் சின்ன ஸ்குரூ உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

ஸ்பேசரை லேத்தில் வெட்டி வாங்கி, கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பர் விரித்துக் கையால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் அசைவு இருக்கட்டும். அசைவே இல்லாவிட்டால் சூடேறியதும் ராக்கர் இறுகிவிடும்.

இறக்கி வைக்கும் முன் எட்டு அட்ஜஸ்டிங் ஸ்குரூவையும் முழுதாகத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் புஷ்ராடு வளையும். பெடஸ்டலின் சிறிய நட்டுகளுக்கு 25 அடி-பவுண்டு. ஹெட் நட்டுகளுக்கு அதைவிட மிக அதிகம், மேனுவலைப் பார்த்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் இறுக்குங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது வேலை செய்யுங்கள். 'கை அளவு எனக்குத் தெரியும்' என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

டாப்பெட் இடைவெளிக்கு ஒன்பது கணக்கு: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழித்தால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய வால்வு வரும். 3 திறந்திருந்தால் 6. இடைவெளி எவ்வளவு என்பது உங்கள் கேம் ஷாஃப்ட்டோடு வந்த சீட்டில் இருக்கும், ஸ்டாண்டர்ட் அளவை வைக்காதீர்கள்.

கவரை மூடாமல், இக்னிஷன் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டை மறுபடி பார்க்க வேண்டும். நட்டு இறுகினால் டாப்பெட் இடைவெளியும் மாறும், அதையும் கூடவே பாருங்கள்.

பின்சேர்க்கை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர், புது புஷ் போட்ட ஒரு ராக்கரில் மட்டும் எண்ணெய் வரவில்லை என்று எழுதியிருந்தார். நான் எழுத விட்டுப்போன விஷயம் இது. புது புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் ராக்கரில் இருக்கும் எண்ணெய்த் துளை அடைபட்டுவிடும். அதே துளை வழியாக புஷ்ஷிலும் ஓட்டை போட்டு, அதற்குப் பிறகுதான் உள்விட்டத்தைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் ஓட்ட வேண்டும். லேத்தில் நாம் சொன்னால்தான் செய்வார்கள். வாங்கி வந்ததும் ஒவ்வொன்றிலும் குண்டூசி நுழைகிறதா என்று பார்த்துவிட்டு ஷாஃப்ட்டில் கோர்த்துவிடுங்கள்.