இலையுதிர்காலம் இல்லாத ஊரில் களை முளைக்குமுன் போடும் மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தரைவீட்டுப் புல்வெளிக்குப் புதிதாக இந்த மருந்தை வாங்குபவர்கள் அடுத்தடுத்து ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். கையுறை போடுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள் என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. இங்கே வேண்டாம்.

செப்டம்பர் வந்ததும் போடுவது

காசை அதிகம் தின்பது இதுதான், இன்னும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். அமெரிக்க வீடியோக்களில் "இலையுதிர்காலத்தில் போடுங்கள்" என்பார்கள். அவர்களுக்கு அது சரி. அங்கே தொல்லை தரும் போவா அன்னுவா என்ற குளிர்காலக் களைப்புல், கோடை முடிந்து மண்ணின் சூடு 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது முளைக்கத் தொடங்கும். அதற்குள் மருந்து மண்ணில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நள்ளிரவுக் காற்றே பெரும்பாலும் 24, 25 டிகிரிதான். இங்கே தொல்லை கூஸ்கிராஸ் என்ற களைப்புல். தரையோடு தரையாகச் சக்கரம் போல் படரும், அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக இருக்கும். மிதிபட்டுப் புல் மெலிந்த இடமெல்லாம் ஆண்டு முழுவதும் முளைக்கும்.

செப்டம்பரில் போட்ட வெளி அக்டோபரில் பளிச்சென்று இருக்கும். சூடும் ஈரமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் மருந்தை வேகமாகச் சிதைக்கும். டிசம்பர் மழை கொட்டி முடியும்போது கூஸ்கிராஸ் திரும்ப வந்திருக்கும். "போலி மருந்து" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, அடுத்த முறை இரட்டை அளவு போடுவார்கள். பெண்டிமெத்தலின் போன்ற மருந்து வேர்நுனியில் செல் பிரிவதைத் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் களையின் வேர், நாம் வளர்க்கும் கௌகிராஸ் புல்லின் வேர் என்று பார்க்காது. ஓடுதண்டின் கணுவில் வேர் நீளாமல் குட்டையாகத் தடித்து நின்றுவிடும். விரலால் இழுத்தாலே தண்டு கையோடு வரும்.

வடகிழக்குப் பருவமழையின் ஈரப் பாதி முடிந்து பிப்ரவரியில் வறண்டு கிடக்கும் நாள்களில் முதல் தவணையைப் போடுங்கள். அடுத்து வரும் இடிமழைக்கு விதைகள் முளைவிடுமுன் மருந்து தயாராக இருக்கும். அடுத்த தவணை எப்போது, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்பதற்கு லேபிள்தான் எல்லை.

நனைக்காமல் விடுவது

மேலே கிடக்கும் மருந்து வெயிலில் வீணாகும். மண்ணின் மேல் ஓரிரு சென்டிமீட்டருக்குள் இறங்கினால்தான் பலன். லேபிள் வேறு சொல்லாவிட்டால் 12 மில்லிமீட்டர் நீர் போதும். காலி டூனா டின்கள் நாலைந்தைப் புல்லில் வைத்து ஸ்பிரிங்க்ளரை ஓட்டிப் பாருங்கள், டின்னில் அவ்வளவு உயரம் நீர் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். "மழை பார்த்துக்கொள்ளும்" என்று மேகம் கறுத்த மதியம் போடாதீர்கள். அடைமழை மருந்தைக் கால்வாய்க்கு அடித்துப் போகும். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது நினைவிருக்கட்டும்.

குத்துமதிப்பாகத் தெளிப்பது

முதலில் வெறும் நீரை நிரப்பி, 10 சதுர மீட்டரை வழக்கமான நடையில் தெளியுங்கள். அரை லிட்டர் செலவானால் 100 சதுர மீட்டருக்கு 5 லிட்டர். லேபிள் சொல்லும் மருந்தை அந்த 5 லிட்டரில் கலக்க வேண்டும். குருணை மருந்தென்றால் பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள், பட்டை பட்டையாக விட்டுப்போகாது.

முளைத்த களைமேல் தெளிப்பது

வேலைக்கு ஆகாது. பிடுங்குங்கள்.

கோரைக்கு இதை நம்புவது

அது கிழங்கிலிருந்து வருகிறது. பெண்டிமெத்தலினுக்கு அசையாது.

ஒரே மருந்தைக் கட்டிக்கொண்டு அழுவது

பெண்டிமெத்தலின் வகைக்குத் தாக்குப்பிடிக்கும் கூஸ்கிராஸ் சில நாடுகளில் ஏற்கெனவே உண்டு. ஆக்சடயசான் போல வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு இடையிடையே மாறுங்கள்.

போட்ட கையோடு புதுப்புல் பதிப்பது

புதுப்புல்லின் வேரும் மண்ணுக்குள் இறங்காது. வழுக்கை இடத்தை முதலில் மூடி, அது வேர்பிடித்த பிறகு மருந்து.

போர்ட்டிகோ ஓடுகள்

பெண்டிமெத்தலின் கரைசல் சிமெண்டிலும் வெளிர் ஓட்டிலும் மஞ்சளாகப் பிடிக்கும், தேய்த்தாலும் லேசில் போகாது. ஓரத்துக்கு அட்டை வைத்துத் தெளியுங்கள். குருணை சிதறினால் நீர் விட்டுக் கழுவாமல் துடைப்பத்தால் கூட்டிப் புல்லுக்கே தள்ளுங்கள்.