பாடசாலைச் சோற்றில் சத்தைக் கூட்டுவது எப்படி?

வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்கும் சோறுதான் அன்றைய முதல் உணவு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இத்தகைய பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு தட்டில் சத்தைக் கூட்டுவதற்குப் புதிய பொருள்களைத் தேடுவதைவிட, கையில் உள்ளவற்றின் சத்து சட்டியிலேயே வீணாகாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

அரிசியிலிருந்து தொடங்குவோம். தவிடு முழுவதும் நீங்காத சிவப்பரிசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பின்னர் கஞ்சியையும் வடித்து ஊற்றினால், நீரில் கரையும் பி வகை உயிர்ச்சத்துகள் அதனோடு போய்விடும். இரண்டு முறை அலசி, தண்ணீரை அளந்து வைத்து, வடிக்காமல் சமைப்பது நல்லது. வடித்தே ஆகவேண்டுமாயின் அந்தக் கஞ்சியைப் பருப்புக் கறியில் சேர்த்துவிடலாம்.

அதிக கவனம் கேட்பது கீரை. ஒரு நாள் முருங்கையிலை வறை பரிமாறியபோது, இரண்டாம் வகுப்புப் பிள்ளையொன்று நாரான காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்ததைப் பார்த்தேன்; காம்போடு பாதி இலையும் ஒதுங்கிப்போயிருந்தது. அன்றிலிருந்து சமைக்கும் தாய்மாரிடம், காம்பை முற்றாக நீக்கி இலையை மட்டும் உருவி எடுக்கும்படி சொல்லிவருகிறேன். கீரையை வெட்டும் முன்பே கழுவ வேண்டும். தேங்காய்ப்பூவுடன் சில நிமிடங்கள் மட்டும் வதக்கினால் போதும். தேங்காயின் கொழுப்பு, கீரையிலுள்ள உயிர்ச்சத்து ஏயின் மூலப்பொருளை உடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைபுரியும். இறக்கிய பின்னரே தேசிக்காய் பிழிய வேண்டும், ஏனெனில் உயிர்ச்சத்து சி சூட்டில் அழியும்; அந்தப் புளிப்போ கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. தேநீர் இதற்கு நேர்மாறாக இரும்புச்சத்தைத் தடுப்பதால், சாப்பாட்டுடன் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

மீனுக்குச் செலவு கட்டாத நாள்களில் நெத்தலிக் கருவாடு கைகொடுக்கும். 50 பிள்ளைகளுக்கு அரைக் கிலோ எடுத்து, உப்பு இறங்க இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். முள்ளோடு உண்ணப்படுவதால் புரதத்துடன் கல்சியமும் கிடைக்கிறது.

மச்சம் சேர்க்காத வெள்ளிக்கிழமைக்கு முளைப்பயறு பொருத்தமானது. புதன் இரவு ஒன்றரைக் கிலோ பயற்றை ஊறவைத்து, வியாழன் காலை நீரை வடித்து ஈரத்துணியில் கட்டிவைத்தால், வெள்ளி காலையில் முளைத்திருக்கும். பச்சை முளையில் கிருமிகள் பெருகக்கூடும் என்பதால், நன்றாக அவித்த பின்னரே கொடுக்க வேண்டும்.

அயடின் சேர்ந்த உப்பை அடுப்பருகே திறந்துவைக்காமல் மூடிய போத்தலில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேருங்கள். மாரியில் வெள்ளம் பாதையை மறித்தால் மரக்கறி வந்து சேராது. ஆகவே பயறு, கௌப்பி, பருப்பு ஆகியவற்றை ஐப்பசி மாதத்திலேயே இரண்டு கிழமைக்குப் போதுமான அளவு வாங்கி, ஈரம் படாமல் சேமித்துவையுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் தட்டுகளைப் பாருங்கள். எது மிஞ்சியது என்பதை ஒரு கொப்பியில் குறித்துவைத்து, ஒதுக்கப்பட்ட கீரையை அடுத்த கிழமை பொடியாக அரிந்து பருப்பினுள் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.