டிரைவில் ஓடும் இயந்திரங்களில் கசிவை அளந்து எர்த்திங்கை உறுதிசெய்யும் முறை

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான விஎஃப்டி டிரைவில் ஓடும் மோட்டாரில் பழுதே இல்லாவிட்டாலும், ஃபில்டர் மின்தேக்கிகள் வழியாகவும் நீண்ட மோட்டார் கேபிள் வழியாகவும் சிறிதளவு மின்னோட்டம் எர்த்துக்குக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், முதலில் அதன் அளவை அறிய வேண்டும்.

தகுதி பெற்ற மின்பணியாளர், இயந்திரம் ஓடும்போது, மில்லிஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் மூன்று பேஸ் கம்பிகளையும், நியூட்ரல் இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். எர்த் கம்பி வெளியே இருக்கட்டும். அதுவும் உள்ளே போனால் கசிவு கழிந்து, மீட்டர் ஏறத்தாழப் பூச்சியத்தையே காட்டும்.

கசிவு 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால், இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலை கூறும் வழிகளில் எளிதானது, எர்த் கம்பியை முழு நீளத்துக்கும் குறைந்தது 10 சதுர மி.மீ. செம்பாகவோ 16 சதுர மி.மீ. அலுமினியமாகவோ அமைப்பதாகும். எர்த் கம்பி முனையில் பொருத்தும் உலோக லக்கைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில்தான் இறுக்க வேண்டும்.

கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆனால் எர்த்தைக் கழற்றிவிடுவது ஆபத்தானது. கசிவு முழுவதும் இயந்திரத்தைத் தொடுபவர் உடல் வழியே பாயக்கூடும். மூன்று பேஸ் டிரைவுக்கு, நேர்மின்னோட்ட (டிசி) கசிவையும் உணரும் டைப் பி வகை ஆர்சிசிபியே பொருந்தும்.