ஆய்வக எலியின் மார்க்கரை அப்படியே வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

வீட்டுச் சுண்டெலியின் மரபணுத் தொகுதி 2002-லேயே வெளியாகிவிட்டது. வெளியில் வாழும் சுண்டெலிகளின் கலப்பை ஆராய மார்க்கர் (எலிகளை ஒப்பிட உதவும் டிஎன்ஏ அடையாளம்) வேண்டுமா? மைக்ரோசாட்டிலைட் (சில டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம்) தேடி, பிரைமர் (அந்த இடத்தைப் பெருக்க அதன் ஓரத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைக்கக் கணினி முன்னால் உட்கார்ந்தாலே போதும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வரிசை ஓர் ஆய்வக எலியுடையது. அதன் டிஎன்ஏ பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய டொமெஸ்டிகஸ் துணையினத்திலிருந்து வந்தது. கிழக்கே வாழ்வது மஸ்குலஸ். டென்மார்க்கிலிருந்து பல்கேரியா வரை இரண்டும் சந்தித்துக் கலக்கின்றன. பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் மஸ்குலஸுக்கு ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட, அந்த அல்லீல் (ஒரே இடத்தில் வரக்கூடிய டிஎன்ஏ வடிவங்களில் ஒன்று) பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறையில், பெருகாமல் போகலாம். அப்போது இரண்டு வேறு அல்லீல்கள் உள்ள கலப்பு எலி, ஒரே அல்லீல் உள்ளது போலத் தெரியும். நாமும் "இங்கே கலப்பு குறைவு" என்று எழுதிவிடுவோம். எதைக் கண்டுபிடிக்கப் போனோமோ அதையே தலைகீழாகச் சொல்லிவிட்ட மாதிரி!

அதனால் முதலில் இரு பக்கத்து எலிகளிலும் சோதித்துப் பாருங்கள். தாயும் குட்டியும் கிடைத்தால் இன்னும் நல்லது. தாயின் அல்லீல் எதுவுமே குட்டியிடம் தெரியவில்லையா? குட்டியைச் சந்தேகிக்கும் முன் பிரைமரைச் சந்தேகியுங்கள். அதே இடத்துக்கு வேறு பிரைமர் போட்டுப் பாருங்கள்.

டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் பல இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் எஸ்என்பி சிப்பிலும் இதே கதைதான். ஆய்வக எலிகளில் கண்ட வேறுபாடுகளை வைத்து மட்டும் செய்த சிப், வெளியில் வாழும் சுண்டெலிகளுக்கே உரிய வேறுபாடுகளைப் பார்க்காது.

மார்க்கர் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 17-ஆம் குரோமோசோமில் டி-ஹாப்லோடைப் என்ற பகுதி உண்டு. அதைச் சுமக்கும் ஆண் எலி, பாதிக்குப் பதிலாக 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குட்டிகளுக்கு அதைக் கடத்திவிடும். எவ்வளவு வியப்பான விஷயம்! ஆனால் அங்கே வைத்த மார்க்கர் கூட்டத்தின் வரலாற்றைச் சொல்லாது, டி-யின் வரலாற்றைத்தான் சொல்லும். எக்ஸ் குரோமோசோம் மார்க்கர் என்றால், ஆணுக்கு ஒரே பிரதிதான் என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம், மாதிரி எடுப்பது. சுண்டெலிகள் சிறு சிறு குடும்பக் கூட்டமாக வாழ்பவை. ஒரே களஞ்சியத்தில் பிடித்த 30 எலிகள் ஒரே குடும்பமாக இருக்கலாம். சரி, பல களஞ்சியங்களில் பிடித்து ஒன்றாகச் சேர்த்தால்? அப்போதும் இரண்டு வேறு அல்லீல்கள் உள்ள எலிகள் குறைவாகத் தெரியும். ஆனால் அந்தக் குறைவு எல்லா மார்க்கர்களிலும் பரவலாக இருக்கும். ஒரே ஒரு மார்க்கரில் மட்டும் குறைகிறது என்றால், மறுபடி பிரைமரைத்தான் பார்க்க வேண்டும்.