பிரஷர் மாத்திரை நான்கான பிறகும் கேட்காத கேள்வி: அட்ரினல் கோளாறும் இதயமும்

என் பெரியம்மாவின் மருந்து டப்பாவில் பிரஷருக்கு மட்டும் நான்கு மாத்திரைகள் இருந்தன. அப்படியும் மேல் எண் 160-க்குக் கீழே இறங்காது. ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். சிறுநீர் கழிக்க நாலைந்து தடவை எழுந்திருப்பார். "வயசாச்சுல்ல" என்று நாங்களும் விட்டுவிட்டோம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று குறைவாக வந்தபோது ஒரு பாட்டில் பொட்டாசியம் சிரப்பும், தினம் ஒரு இளநீர் குடிக்கச் சொல்லி அறிவுரையும் கிடைத்தன. பொட்டாசியம் ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும்தான் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து ஒருநாள் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. வார்டுக்கு வந்த இளம் இதய மருத்துவர் பழைய ரிப்போர்ட் கட்டைப் பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அம்மாவுக்கு ஆல்டோஸ்டிரோன் எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம்.

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தது போல ஒவ்வொரு அட்ரினல் சுரப்பி இருக்கிறது. எடை நாலைந்து கிராம்தான். அதன் வெளிப்பகுதி சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உடலில் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதே வெளிப்பகுதியில்தான் கார்ட்டிசாலும் சுரக்கிறது. உட்பகுதியிலிருந்து வருபவை அட்ரினலினும் நார்அட்ரினலினும். இவற்றின் அளவு பிசகினால் அடி விழுவது இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும். இதயத்தில் தெரியும் கோளாறு இதயத்திலேயே பிறந்தது என்று நினைத்துக்கொள்வதுதான் தாய்த் தவறு. கீழே வருபவை எல்லாம் அது பெற்ற பிள்ளைகள்.

பிரஷரின் எண்ணை மட்டும் பார்ப்பது

1955-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவர், அட்ரினலில் வளர்ந்த சிறு கட்டி ஆல்டோஸ்டிரோனைக் கட்டுப்பாடில்லாமல் சுரந்து பிரஷரை ஏற்றுவதை விவரித்தார். அவர் பெயராலேயே இது கான் நோய். வெகுகாலம் இது அபூர்வ நோய் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. உண்மையில் பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷர் என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. அபூர்வமாக இருந்தது நோய் அல்ல, அதைத் தேடிப் பார்க்கும் வழக்கம்.

"பிரஷரைத்தான் மாத்திரை குறைக்கிறதே, காரணம் எதுவானால் என்ன?" என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் பிரஷரை ஏற்றுவதோடு நிற்பதில்லை. உப்போடு சேர்ந்து இதயத் தசையையே தடிக்க வைக்கிறது, தசைநார்களுக்கு நடுவே தழும்பு போன்ற திசுவை வளர்க்கிறது. 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரண பிரஷர்காரர்களைவிட இவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்காகவும், பக்கவாத வாய்ப்பு இரண்டரை மடங்காகவும் இருந்தது. எக்கோவில் "இடது கீழறை தடித்திருக்கிறது" என்று வந்து, அந்தத் தடிப்பு பிரஷரின் அளவுக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தால், பார்வை சிறுநீரகத்தின் உச்சிக்குப் போக வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது: "பொட்டாசியம் நார்மல், அதனால் இது இல்லை" என்று கோப்பை மூடுவது. இந்நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொட்டாசியம் நார்மலாகத்தான் இருக்கும். அதிலும் அந்த நார்மல் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "நல்லா மூடி மூடித் திறங்க" என்பார்களே, அப்படிச் செய்யும்போது தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அந்த ரத்தத்தில் சேரும். 3.3 இருப்பவருக்கு 3.8 என்று வரும். தாளில் எல்லாம் சரி, உடம்பில்தான் சரியில்லை. கையை முஷ்டி மடக்காமல் சும்மா வைத்துக்கொண்டு கொடுங்கள். ஊசி ஏறியதும் பட்டையைத் தளர்த்தச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

கேட்க வேண்டிய பரிசோதனை, ஆல்டோஸ்டிரோனுக்கும் அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனினுக்கும் உள்ள விகிதம். அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமான என்டோகிரைன் சொசைட்டி 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரஷர் உள்ள எல்லோருக்குமே ஒருமுறை இதைப் பார்க்கலாம் என்கிறது. நம் ஊர்ச் செலவுக் கணக்கில் அது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். ஆனால் மூன்று மருந்துக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், இளவயதிலேயே பிரஷர் வந்தவர்கள், பிரஷரோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள் தள்ளிப்போடக் கூடாது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, பிறகு சிறிது நேரம் உட்கார்ந்தபின் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைந்திருக்கும் பொட்டாசியத்தை முன்பே சரிசெய்திருக்க வேண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சில பிரஷர் மருந்துகள் ரெனினை ஏற்றும், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்கள் இறக்கும். இரண்டுமே விகிதத்தைக் குழப்பும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு லேபுக்குப் போனால் அது வேறு ஆபத்து.

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் செய்யப்பார்த்த அவசரம் இன்னொன்று. ஸ்கேனில் இடது அட்ரினலில் ஒரு சிறு கட்டி தெரிந்ததும் "எடுத்துடலாமே" என்றோம். வயதானவர்களுக்கு எதையும் சுரக்காத வெறும் கட்டி அங்கே இருப்பது சகஜம். கட்டி இடப்பக்கம், சுரப்பு வலப்பக்கம் என்றுகூட இருக்கும். அதனால் இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சமமாகவே சுரந்தது. எடுத்திருந்தால் ஒரு சுரப்பி போயிருக்கும், நோய் அப்படியே இருந்திருக்கும். ஒரே பக்கம் என்றால் அறுவை. இரண்டு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுத்து, பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை. அவருக்கு மாத்திரை.

படபடப்பை எல்லாம் பதற்றம் என்பது

சிலருக்குத் திடீரென்று தலைவலி மண்டையைப் பிளக்கும், வேர்வை கொட்டும், இதயம் குதிரையாய் ஓடும், முகம் வெளுத்துப்போகும். சில நிமிடங்களில், சிலசமயம் ஒரு மணி நேரத்தில், ஒன்றும் நடக்காதது போல அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பிரஷர் இறங்கியிருக்கும். "டென்ஷன்தான், நல்லா தூங்குங்க." பெண்ணாக இருந்தால் இந்தப் பதில் இன்னும் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

பெரும்பாலும் அது பதற்றமாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் வரும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்ளும். அபூர்வமான கட்டிதான், ஆனாலும் தவறவிட்டால் விலை பெரிது. அட்ரினலின் வெள்ளமாய்க் கொட்டும்போது இதயத் தசை செயலிழந்து போகும். மாரடைப்பு என்று சொல்லி ஆஞ்சியோ செய்தால் ரத்தக்குழாயில் அடைப்பே இருக்காது.

இங்கே ஒரு மருந்துத் தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். படபடப்புக்கும் பரீட்சை பயத்துக்கும்கூட நம் ஊரில் புரோப்ரனோலால் என்ற பீட்டா பிளாக்கர் சர்வசாதாரணமாகக் கைமாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுபவர்களும் உண்டு. இந்தக் கட்டி உள்ளவருக்கு, ரத்தக்குழாய் சுருங்குவதைத் தடுக்கும் ஆல்ஃபா பிளாக்கரை முதலில் கொடுக்காமல் பீட்டா பிளாக்கரை மட்டும் கொடுத்தால், ரத்தக்குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். பிரஷர் எகிறிவிடும். படபடப்புக்கு மாத்திரை போட்டதும் நிலைமை மோசமானது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். அந்த ஒரு தகவலே துப்பு. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியும் இதே போல் கிளப்பிவிடக்கூடும்.

ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்ததும் மறுநாளே அறுவை என்று ஓடுவதும் தவறு. ஒன்றிரண்டு வாரமாவது ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்து, நிறையத் தண்ணீரும் உப்பும் சேர்த்து, சுருங்கிக் கிடக்கும் ரத்த அளவை நிரப்பிய பிறகே மேசையில் ஏற்றுவார்கள். பிரஷர்காரருக்கு மருத்துவரே "உப்பு சேர்த்துக்கோங்க" என்று சொல்லும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

மூட்டுவலி மாத்திரை

கார்ட்டிசால் அதிகமானால் வருவது குஷிங் நோய்க்குறி. முகம் நிலா போல உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போகும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் உறைதல் எல்லாம் கூடி இதயத்தை நாலு பக்கமும் வளைத்துக்கொள்ளும். சுரப்பியில் கட்டி வந்து இப்படி ஆவது குறைவு. கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையால் ஆவதுதான் அதிகம். மூட்டுவலிக்கு, இளைப்புக்கு, "உடம்பு தேற" என்று கடையில் பெயர் சொல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கலாம். முகம் வெளுக்கத் தடவும் சில கிரீம்களிலும் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. ஒரு வாரத்தில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் பெயரைக் கேளுங்கள்.

கேட்டதும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடும். மாத்திரை நின்ற பிறகு ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் கண்காணிப்பில்.

சுரப்பியே பழுதாகி கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் சுரக்காமல் போகும் நோயை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே விவரித்தார். அன்று அதற்கு முக்கியக் காரணம் காசநோய். இந்தியாவில் இன்றும் அது ஒரு காரணம். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்து, எழுந்தால் தலை சுற்றி, உப்பை அள்ளித் தின்னத் தோன்றினால் கவனியுங்கள். இங்கே பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்குப் போகும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கார்ட்டிசாலை வேகமாகச் சிதைப்பதால், சுரப்பி ஏற்கெனவே பழுதான ஒருவர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் துவண்டு விழலாம். "மருந்து ஒத்துக்கலை" என்று காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், தேவைப்பட்டது கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன். அதைத் தினமும் எடுப்பவர்கள் காய்ச்சலன்று வழக்கத்தைவிட இரட்டிப்பாக எடுக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும்.

இணையத்தில் "அட்ரினல் சோர்வு" என்று சொல்லி விற்கும் பொடிகளுக்கு ஒரு வரி போதும்: அப்படியொரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்கவில்லை. அதிமதுரத்துக்கு இரண்டு வரி தரலாம். தொண்டைக்கு ஒருநாள் மென்றால் ஒன்றும் ஆகாது. தினமும் கஷாயமாகக் குடித்தால், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை அடக்கிவைக்கும் நொதியை அது முடக்கிவிடும். கார்ட்டிசால் ஆல்டோஸ்டிரோன் வேடம் கட்டி ஆடும். பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். கட்டியே இல்லாமல் கான் நோய்!

பெரியம்மாவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கி மூன்றாவது வாரம் பிரஷர் 130-க்கு வந்தது. மற்ற மாத்திரைகளில் இரண்டை எடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 5.9, இப்போது அளவுக்கு அதிகம். மருத்துவர் திகைத்துப்போய், "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். பெரியம்மா பையிலிருந்து அந்தப் பழைய சிரப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுவும் தினம் ஒரு இளநீரும். நீங்கதான் நிறுத்தச் சொல்லலியே."